கீ கீ மே மே கீ மே

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. காயப்போட்ட சாக்கு பறந்து கிணற்றடிக்குப் போய்விட்டது.

கையெழுத்து கோணல்மாணல். எனக்கே தெரிகிறது. ஒரு வரி முடிவதற்குள் விரல் மரத்துப்போகிறது, எழுத்து கோட்டை விட்டு இறங்கிவிடுகிறது. நோட்டு பொறுத்துக்கொள்ளட்டும். எழுபத்தொரு வயதில் எழுத ஆரம்பித்த கை.

தினம் கொஞ்சம் எழுதச் சொன்னது ஜெசிந்தா டீச்சர். முதியோர் வகுப்பில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். மாதா கோயில் பாடகர் குழுவும் அவர் பொறுப்பு. "யாரும் படிக்க மாட்டாக பெரியப்பா, மனசுல உள்ளத எழுதுங்க" என்றார். யாரும் படிக்காததை எதற்கு எழுதச் சொல்கிறார்? நோட்டைத் தீவன மூட்டைக்கு அடியில் வைக்கிறேன்.

யு. (யுகுலேலே. முழுதாக எழுத நேரமாகிறது.) மகள் கோட்டயத்தில் நர்ஸ். தன் பிள்ளைக்கு வாங்கினாள், பிள்ளை தொடவில்லை, இங்கே வந்து சேர்ந்தது. நாலு தந்தி. என் வீட்டுக்காரி லூர்து பார்த்துவிட்டு, "கிதாரு குட்டி போட்டிருக்கு" என்றாள்.

இதற்கும் டீச்சர்தான் வாத்தியார். இடது கைக்கு மூன்று பிடி தெரியும். இப்போது வலது கை வேலை. தந்தியைக் கீழே இழுப்பது, மேலே இழுப்பது. இப்படி எழுதிக்கொண்டேன்:

கீ கீ மே மே கீ மே

கீ என்றால் கீழே, மே என்றால் மேலே. நான் எழுதியதை நானே படித்து நானே வாசிக்கிறேன். போன வருடம் இது நடக்காத காரியம். இன்று நாலு தடவை தனியாகச் சிரித்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

சாரல். திராட்சைக்கு மருந்தடிக்க முடியவில்லை.

20ஆம் தேதி திருவிழாப் பூசை. காணிக்கைப் பாட்டுக்கு நான் யு. வாசிக்கலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். எனக்குத் தனி மைக். தெருவெல்லாம் ஒலிபெருக்கி.

இத்தனை வருடம் பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்து வாயை மட்டும் அசைத்தவன் நான். பக்கத்தில் நிற்பவர் தாளைத் திருப்பினால் நானும் திருப்புவேன். இந்த ஒரு பாட்டிலாவது என் சத்தம் ஊருக்குக் கேட்க வேண்டும்.

ஆனால் சந்தேகம்.
1. டீச்சர் உடனே சரி என்றது. யாரும் எதற்கும் உடனே சரி சொல்வதில்லை.
2. என் நாற்காலி கடைசியில், தூணுக்குப் பின்னால்.
3. நான் வாசிக்கும்போது லூர்து முந்தானையால் வாயை மூடுவது. (இது பழைய சந்தேகம். கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

ஜூலை 10, வியாழன்

கோயிலில் மைக் வைத்துப் பயிற்சி. ஒரு சோதனை செய்தேன். பாட்டு நடுவில் வேண்டுமென்றே தப்பாக வாசித்தேன். கீ கீ கீ கீ, மாடு விரட்டுகிற மாதிரி.

யாரும் திரும்பவில்லை. கீபோர்டு வாசிக்கும் பெண் தும்மியதற்கு ஆறு பேர் திரும்பினார்கள்.

"நல்லா இருந்துச்சு பெரியப்பா" என்றார் டீச்சர். நன்றாக இல்லை என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் லூர்துவிடம்:
"நீ கடைசி பெஞ்சுலதான இருந்த. என் சத்தம் கேட்டுச்சா?"
"எல்லாரு சத்தமும் கேட்டுச்சு."
"என் சத்தம்?"
"சோறு ஆறுது, வாங்க."

இது பதில் இல்லை. குறித்துக்கொள்கிறேன்.

ஜூலை 12, சனி

தெரிந்துவிட்டது.

மைக்செட் பாண்டி, உத்தமபாளையத்துக்காரர், கோயிலில் வயர் இழுத்துக்கொண்டிருந்தார். அவருடைய பெட்டியில் வரிசையாகத் திருகு. ஒவ்வொன்றுக்கும் கீழே வெள்ளை டேப் ஒட்டி எழுதியிருந்தது. எந்த மைக்குக்கு எந்தத் திருகு என்று. அவர் டீ குடிக்கப் போனதும் குனிந்து பார்த்தேன்.

சாமியார். கீபோர்டு. பெண்கள். ஆண்கள். கடைசியில்: பெரியப்பா, மூடியே இருக்கட்டும்.

எழுத்துக் கூட்டவில்லை. உதடு அசையவில்லை. பார்த்தவுடன் படித்துவிட்டேன். பிறந்ததிலிருந்து நான் அப்படிப் படித்த முதல் வரி இது. சந்தோஷம் வந்தது. அது உட்காருவதற்குள் மற்றது வந்துவிட்டது.

எழுத்து யாருடையது என்றும் தெரிந்தது. அந்த வளைந்த ரு. கரும்பலகையைப் பார்த்துப் பார்த்து நான் பழகிய ரு.

பாண்டி வந்துவிட்டார். "என்ன பெரியவரே, பெட்டியில தேடுறீக?"
"ஒண்ணுமில்ல. எல்லாம் சரியா இருக்கான்னு பாத்தேன்."
"டீச்சர் எழுதியே ஒட்டிட்டாக. நமக்கு ரோசனையே இல்ல."

எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவருக்கு நினைப்பு. சரி. டீச்சருக்குமா?

அன்று வாயசைப்பு. இன்று கையசைப்பு.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்து டீச்சரை மாதா சிலை இருக்கும் கெபிப் பக்கம் பிடித்தேன்.

"டேப்பைப் படிச்சிட்டேன் டீச்சர்."
"எந்த டேப்பு?"
"மூடியே இருக்கட்டும்."

முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு மெதுவாக, "கூட்டாமயா படிச்சீக?"
"கூட்டாம."

கண் கலங்கினார். அதை நான் நம்பவில்லை.

"உங்க கை ஓடுது பெரியப்பா. பாட்டு பாதியில இருக்கும்போதே நீங்க முடிச்சிட்டு வாசல்ல நிக்கிறீக. நேர்ல சொன்னா விட்டுட்டுப் போயிருவீகன்னு சொல்லல."
"சொல்லிப் பாத்தீகளா?"
"இல்ல."
"அப்புறம் எப்படி நான் போயிருவேன்னு தெரியும்?"

கடைசியில் ஒப்பந்தம். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் என் மைக்கைத் திறந்து வைப்பது. பாட்டோடு போனால் திருவிழாவுக்கும் திறப்பு. ஓடினால் மூடல், ஆனால் அதை என் முகத்துக்கு நேரே சொல்வது.

ஜூலை 15, செவ்வாய்

கை ஏன் ஓடுகிறது என்று டீச்சர் காட்டினார். "சத்தம் வராத எடத்துலயும் கை நிக்கக் கூடாது. தந்தியத் தொடாம கீழ போகணும், மேல வரணும். நீங்க நிறுத்திட்டு அப்புறம் பாயுறீக." இரண்டு மே-க்கு நடுவில் ஊமையாக ஒரு கீ இருக்கிறதாம். முதல் கீ-க்குப் பிறகு ஒரு ஊமை மே. திருத்தி எழுதினேன்:

கீ (மே) கீ மே (கீ) மே கீ மே

வளைவுக்குள் இருப்பது தொடாமல் போவது.

வரவில்லை. சாயங்காலம் முழுக்க முயன்றேன். ஒன்றும் செய்யாமல் போய்வர என் கைக்குத் தெரியவில்லை. ஒருவேளை முடியாததைச் சொல்லிக் கழற்றிவிடப் பார்க்கிறார்களோ.

ஜூலை 16, புதன்

காற்று தணிந்தது. திராட்சைக்கு மருந்து. முதுகில் டின், இடது கையில் பம்ப், வலது கையில் குழல். ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குத் திரும்பும்போது குழலை மூடுவேன். பம்ப் கை மட்டும் நிற்காது. நின்றால் அடுத்த கொடிக்கு மருந்து பீய்ச்சாது, சொட்டும். முப்பது வருடப் பழக்கம்.

நாலாவது வரிசையில் நின்றுவிட்டேன். குழல் மூடியிருக்கிறது, கை போய்வருகிறது. ஊமைக் கீ.

பம்ப் பிடியை வலது பக்கம் மாற்றி மாட்டி, பாட்டை முனகிக்கொண்டே மீதித் தோட்டம் முழுக்க அடித்தேன்.

சாப்பாடு கொண்டுவந்த லூர்து, "என்ன, பீச்சாங்கையில மருந்தடிக்கிறீக?"
"கொடிக்கு எந்தக் கைன்னு தெரியவா போகுது?"
"கிறுக்கு முத்திருச்சு."

வீட்டுக்கு வந்ததும் யு. எடுத்து வாசித்தேன். கை முந்தி ஓடவில்லை. இன்னொரு தடவை. ஓடவில்லை. தோள்பட்டை வலி. பரவாயில்லை.

ஜூலை 18, வெள்ளி

மைக் திறப்பு. என் சத்தம் வெளியிலிருந்து வந்தது. முதலில் வேறு யாரோ வாசிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு இடத்தில் பாயப் பார்த்தேன், பம்ப்பை நினைத்துக்கொண்டேன், பாய்ச்சல் நின்றது.

டீச்சர் என் முன்னாலேயே பழைய டேப்பைக் கிழித்துப் புதிதாக எழுதினார். பெரியப்பா, திற. படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பாண்டியிடம் இரண்டு தடவை கேட்டேன், ஞாயிற்றுக்கிழமையும் திறப்பீர்களா என்று.

"என்னையத் திருடன்னே முடிவு பண்ணிட்டீகளா பெரியவரே?"

இன்னும் முடிவு பண்ணவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

வெயில். கூட்டம். வாசித்தேன், முதலிலிருந்து முடிவு வரை.

ஆனால் உள்ளே ஆயிரம் வாய் பாடும்போது வெளி ஒலிபெருக்கி எனக்குக் கேட்கவில்லை. மைக் திறந்திருந்ததா? டேப்பில் திற என்று இருந்தது. எழுதியிருப்பதெல்லாம் நடக்கிறதா?

லூர்து: "தேனாட்டம் இருந்துச்சு." இதை நம்ப முடியாது.
டீச்சர்: "அருமை பெரியப்பா." இதையும்தான்.

வெளியே பஜ்ஜிக் கடை பக்கம், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே சவரிமுத்து. பக்கத்துத் தோட்டக்காரன். வாய்க்கால் தகராறில் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. என் காதில் விழட்டும் என்று கடைக்காரரிடம் சொன்னான்: "காணிக்கைப் பாட்டுல தகரத்தச் சொரண்டுற மாதிரி ஒரு சத்தம். அதுக்கு மைக்கு வேற. காது போச்சு."

நேரே போய் நின்றேன். "ஏலே சவரி, கடேசி வரைக்கும் கேட்டுச்சா?"

முறைத்தான். "கேக்காம? கடேசி வரைக்கும் கேட்டுச்சு."
"பாட்ட முந்தி ஓடுச்சா?"
"ஓடியிருந்தாத்தான் சீக்கிரம் முடிஞ்சிருக்குமே. பாட்டோடயேல்ல வந்து தொலைச்சுச்சு."

என் விஷயத்தில் அவன் நல்லதாகப் பொய் சொல்ல மாட்டான்.

அவனுக்கு ஒரு தட்டு பஜ்ஜி சொன்னேன். மறுக்காமல் வாங்கித் தின்றான். ஏன் மறுக்கவில்லை? வாய்க்காலில் ஏதாவது யோசனை வைத்திருக்கிறானா? அடுத்த வாரம் தோட்டத்துப் பக்கம் விசாரித்துவிட்டு எழுத வேண்டும்.