வளைவுக்கு ஒரு பொய்

ஜூன் 9, 2025, திங்கள்

காலை ஐந்தரைக்கு ஜீப்பு கிளம்பியது. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் பன்னிரண்டு பேர். போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவு. பதினேழிலும் நான் வாய் திறக்கவில்லை. மூன்று பேர் வாந்தி.

முப்பத்து நாலு வருசமாக வளைவுக்கு ஒரு பொய் சொல்லி வண்டி ஓட்டியவன் நான். பள்ளத்தைப் பார்த்தால் வயிறு புரளும். பொய்யைக் கேட்கிறவள் பள்ளத்தைப் பார்க்க மாட்டாள். இந்தக் கண்டுபிடிப்புக்கு உலக நாடுகள் ஒன்றுகூடி எனக்குப் பட்டம் சூட்டியிருக்க வேண்டும். மூன்றாம் வளைவில் யானை என்னிடம் லிஃப்ட் கேட்டது. ஒன்பதாம் வளைவில் மேகம் வண்டிக்குள் ஏறி, காசு கொடுக்காமல் இறங்கிப் போனது. பதினைந்தில் ஒரு புலி, நான் ரிவர்ஸ் எடுக்கக் கைகாட்டி உதவியது.

என் வீட்டுக்காரி சுருளி போய்ச் சேர்ந்து பத்து மாதம். அதிலிருந்து வண்டியில் பொய் கிடையாது. மனதில் வருவதை உரக்கடையில் கொடுத்த இந்த டைரியில் மட்டும் எழுதிக்கொள்கிறேன். நோட்டு யாரையும் கெடுக்காது.

"என்ன சித்தப்பு, சரக்குத் தீந்து போச்சா?" என்றாள் பின்சீட்டுச் சந்திரவல்லி. சுருளியோடு காய் பறித்த பேச்சி அவளை முழங்கையால் இடித்தாள்.

ஜூன் 11

சென்னையிலிருந்து மகள் கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் வேலை, முப்பத்தோரு வயது, என் ஒரே பிள்ளை பவதாரணி. கப்பலில் போவோம் என்கிறாள். மூன்று ராத்திரி, கடலுக்குள் போய்த் திரும்பி வருவதாம்.

"கப்பல்ல எனக்கென்னத்தா சோலி?"

"ஊருக்கு வந்தா வீட்டுக்குள்ள உக்கார முடியலப்பா. ரோடும் வீடும் இல்லாத எடமாப் போவோம். லீவு கெடக்கு."

லீவு கெடக்கு. எந்த நாளில் எடுக்காமல் விட்ட லீவு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி என்றேன்.

ஜூன் 12

மழை. ஒரு டிரிப்பு. வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

பவதாரணி கூப்பிட்டு, "மழையாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். போனில் வானிலை பார்த்திருக்கிறாள். அப்புறம், "ஆமா, மழைதான் காட்டுது" என்றாள்.

எழுதிவிடுகிறேன். எழுதாமலே பத்து மாதம் ஓட்டிவிட்டேன்.

ஒரு வருசம் சித்திரைத் திருவிழாவுக்கு வர மாட்டேன் என்றாள். "அம்மாவுக்கு நெஞ்சு வலி, வெரசா வா" என்று போனில் ஒரு போடு போட்டேன். விடியும்போது வாசலில் நிற்கிறாள். சுருளி உள்ளே முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அடுத்த தடவை பொங்கலுக்கு. மூன்றாவது தடவை, கொல்லையில் பலா பழுத்ததற்கு.

போன ஆவணியில் நாலாவது தடவை. சாயங்காலம், ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று கூப்பிட்டேன். "அம்மாவுக்கு முடியலத்தா, வெரசா வா."

அவள் சிரித்தாள். "இந்தத் தடவ என்னப்பா பழுத்திருக்கு?"

"இல்லத்தா, நெசம்."

"அம்மாட்டக் குடு."

"பேச முடியலத்தா."

நெசம், பேச முடியல என்று மூன்று தடவையும் இதையேதான் சொல்லியிருந்தேன். அதே வார்த்தை, அதே குரல். அப்போது நடிப்பில் அப்படி ஒரு பெருமை எனக்கு.

உடனே கிளம்பியிருந்தால் விடிவதற்குள் வந்திருப்பாள். காலை ஆறு மணிக்கு உயிர் போகிறவரை சுருளி கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சி போன் பண்ணிச் சொன்ன பிறகுதான் மகள் பஸ் ஏறினாள்.

அவள் என்னைத் திட்டவில்லை. நானும் அவளைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்ல? கால் மரத்துப்போன மாதிரி மொத்த ஆளும் மரத்துக் கிடக்கிறேன்.

எனக்கு ஒன்று போதும். நான் ஒன்று சொல்லி, அவள் அதைச் சரிபார்க்காமல் நம்ப வேண்டும். ஒரே ஒரு தடவை. மழை பெய்யுது என்பதையாவது.

ஜூன் 24, செவ்வாய்

போடியிலிருந்து சென்னை ரயில். பையில் இரண்டு வேட்டி, ஏழு எலுமிச்சம்பழம். வாந்திக்கு மோந்து பார்க்க. மலை ஏறுகிறவனுக்குக் கடலிலும் அதே வைத்தியம்தானே?

ஜூன் 26

கப்பல் என்றார்கள். நான் பார்த்தது மலை. போடிமெட்டுக்கு வெள்ளையடித்துத் தண்ணீரில் மிதக்கவிட்டிருக்கிறார்கள். லிஃப்டில் மேல்தளம் போய்ச் சேர்வதற்குள் என் மீசை ஒரு அங்குலம் வளர்ந்துவிட்டது. சாப்பாட்டுக் கூடத்துத் தட்டுகளை அடுக்கினால் நிலாவில் ஏறி மறுபக்கம் இறங்கலாம். பீப்பாய் உயரத் தொப்பி வைத்த சமையல்காரர் எனக்குச் சலாம் வைத்தார். போடி சமஸ்தானத்து ஜீப்பு மன்னன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

இதில் ஒரு வரிகூட அவளிடம் சொல்லவில்லை.

"எப்பிடிப்பா இருக்கு?"

"நல்லா இருக்குத்தா."

"சாப்பாடு?"

"நல்லா இருக்கு."

ஐஸ்கிரீமும் சாம்பாரும் ஒரே மாதிரிதான் இறங்கின. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கரண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஜூன் 27, வெள்ளி

சுற்றிலும் தண்ணீர். வளைவே இல்லாத ரோடு. ஓட்டுகிறவருக்குத் தூக்கம் வராதா?

பவதாரணிக்குத் தலைசுற்றல். மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் படுத்து, கண்மேல் ஈரத்துண்டு போட்டு, மூக்கில் என் எலுமிச்சம்பழத்தை வைத்திருந்தாள். நான் கம்பியோரம் நின்றேன்.

அப்போதுதான் அது நடந்தது. கப்பலின் வயிற்றுப் பக்கமிருந்து ஏழெட்டு மீன்கள் தண்ணீரைக் கிழித்து மேலே வந்தன. நீல முதுகு. துடுப்பைச் சிறகு மாதிரி இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு பறந்தன. குதிக்கவில்லை, பறந்தன. நாலு ஜீப்பை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரம். நோட்டே, இதில் நான் ஒரு விரற்கடை கூட்டவில்லை.

"ஆத்தா, மீனு பறக்குது!"

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"சரிப்பா" என்றாள். துண்டை எடுக்கவில்லை.

"நெசம்த்தா."

"ம்."

அவ்வளவுதான். நான் திரும்பக் கூப்பிடவில்லை. இதே வார்த்தையை ஆஸ்பத்திரி வராண்டாவிலும் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் பக்கத்திலிருந்த வடநாட்டுப் பெண் கத்தினாள், அவள் பிள்ளைகள் ஓடி வந்தார்கள், நாலைந்து பேர் போனை நீட்டினார்கள். பவதாரணி துண்டை எறிந்துவிட்டுக் கம்பிக்கு ஓடிவந்தாள். வெறும் தண்ணீர்தான் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். மீன் வரவில்லை.

"அன்னைக்கும் நான் எந்திரிக்கலப்பா" என்றாள்.

"என் வாயித்தா, ஒன் தப்பு இல்ல" என்றேன். காற்றில் அவளுக்குக் கேட்டதோ என்னவோ. எலுமிச்சம்பழத்தை என்னிடம் நீட்டினாள். எனக்கு வாந்தி வரவில்லை. ஆனாலும் வாங்கி மோந்து பார்த்தேன்.

ஜூன் 28

காலையிலிருந்து இரண்டு பேரும் கம்பியோரம். மீன் வரவில்லை. அவள் போனைத் தொடவில்லை.

ஜூலை 1

வீடு வந்தேன். நடக்கும்போது தரை இன்னும் ஆடுகிறது. மழை.

ஜூலை 19

மூன்று டிரிப்பு. காய் பறிப்புத் தொடங்கிவிட்டது. "கப்பல் எப்பிடிண்ணே?" என்றாள் பேச்சி. பெருசு என்றேன். எல்லோரும் மேற்கொண்டு ஏதோ வரும் என்று காத்திருந்தார்கள். ஏழாம் வளைவு வரை காத்திருந்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 30, சனி

சுருளிக்கு நேற்று வருசத் திதி கும்பிட்டோம். பவதாரணி நாலு நாள் முன்னாலேயே வந்துவிட்டாள். நான் கூப்பிடாமலே. சுருளியோடு காய் பறித்தவர்களுக்கு மேலே தோட்டத்தில் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்றாள். காலையில் சோற்றுக் குண்டானை ஏற்றிக்கொண்டு எல்லோரும் கிளம்பினோம். முன்சீட்டில் மகள்.

முதல் வளைவில் ஹாரன் மட்டும்.

இரண்டாவது வளைவுக்கு முன்னால், "எப்பா, மீனு பறந்தத இவங்களுக்குச் சொன்னியா?" என்றாள்.

சொல்லவில்லை என்றேன்.

"சொல்லு."

உள்ளது உள்ளபடி சொன்னேன். ஏழெட்டு மீன், நாலு ஜீப்பு தூரம். ஒரு சொல் கூட்டவில்லை.

வண்டியே குலுங்கிச் சிரித்தது. "வந்துட்டாருடி சித்தப்பு!" என்று சந்திரவல்லி கம்பியைத் தட்டினாள். "பறந்து வந்து ஒங்ககிட்ட வழி கேட்டுச்சாக்கும்?" என்றாள் பேச்சி.

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நெசந்தான் அத்தே" என்றாள் பவதாரணி. "நானும் பாத்தேன். நீலமா இருந்துச்சு. ரெக்கைய விரிச்சுக்கிட்டுப் போச்சு."

சிரிப்பு நின்றது. "நீ சொன்னா சரித்தா" என்றாள் பேச்சி.

மகள் மீனைப் பார்க்கவில்லை. துண்டு கண்மேல் இருந்தது. என்ன நிறம் என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை.

நீலம்தான்.

மூன்றாவது வளைவு வந்தது. ஹாரன் அடித்தேன். "இங்கனதான் ஒரு தடவ ஒரு யானை" என்று ஆரம்பித்தேன்.