மஞ்சள் கொடியும் பீரங்கியும்

செப்டம்பர் 7, சனி

முதல் ஆட்டம். அமெரிக்கக் கால்பந்தில் நம் கல்லூரி அணி டச்டவுன் போட்டால், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால், பீரங்கி வெடிக்கும் வேலை இந்த வருடமும் எனக்குத்தான். லத்தீன் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவனுக்கு இது எப்படி வந்து சேர்ந்தது என்று இன்னும் விளங்கவில்லை. "பட்டாசுக்கே காதைப் பொத்துற ஆளு," என்று என் மனைவி ஆர்லிஸ் சிரித்தாள்.

0–41. வெடிமருந்தை அப்படியே கொட்டகையில் வைத்துப் பூட்டினேன்.

செப்டம்பர் 21

தோல்வி. பீரங்கியைத் துடைத்தேன். அதில் அழுக்கே இல்லை.

அக்டோபர் 5

பழைய மாணவர்கள் கூடும் நாள். டோபின் ஹ்ருஷ்கா, நாலு வருடமாக ஆடியும் ஒரு டச்டவுன் போடாதவன், பந்தோடு கோட்டைத் தாண்டினான். பீரங்கியின் கயிற்றை இழுத்து வெடித்துவிட்டேன். புகை விலகினால் புல்லில் நடுவரின் மஞ்சள் கொடி. நம் ஆள் ஒருவன் எங்கோ விதியை மீறியிருக்கிறான், டச்டவுன் செல்லாது. "தாத்தா, வெடிச்சதைத் திருப்பி உள்ள போடுங்க," என்றான் எதிரணிக்காரன் ஒருவன்.

ஏன் பொறுக்கவில்லை? கொடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தானே— எப்போதும் பார்ப்பேனே.

மறுபடியும் தோல்வி.

அக்டோபர் 7

டீன் கிரெட்டா லிண்ட் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். இன்னொரு முறை இப்படி நடந்தால் கொட்டகைச் சாவியைக் கொடுத்துவிட வேண்டுமாம். சரி என்றேன். கல்லூரியில் இப்போது என் கையால் திறக்கக்கூடியது அந்த ஒரு கதவுதான். வீட்டுக்கு வந்த பிறகுதான் இது உறைத்தது.

அக்டோபர் 19

மளிகைக் கடையில் டோபினைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க சார். நாலு வருஷத்துல எனக்குன்னு வெடிச்சது அது ஒண்ணுதான். எங்கம்மா போன்ல வீடியோ எடுத்து வச்சிருக்காங்க. கொடி வர்ற இடத்தை மட்டும் வெட்டிட்டாங்க."

நவம்பர் 2

தோல்வி. வெற்றி என்று ஒன்றுகூட இல்லை. இன்னும் ஒரே ஆட்டம்.

நவம்பர் 16

பனி. 0–38. கடைசி நொடிகளில் டோபின் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு கோட்டுக்கு அப்பால் விழுந்தான். இனி அவனுக்கு ஆட்டம் கிடையாது. யாரும் கத்தவில்லை, எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

இடதுபுறம் பார்த்தேன். வலதுபுறம் பார்த்தேன். வெள்ளைத் தரையில் மஞ்சள் கொடி கிடந்தது. தெளிவாகத் தெரிந்தது.

கயிற்றை இழுத்தேன்.

நவம்பர் 18

"கொடி உங்க கண்ணுல படலையா சார்?" என்று டீன் கேட்டார். பனியில் யாருக்கும் தெரிந்திருக்காது என்று அவரே ஒரு காரணமும் எடுத்துக் கொடுத்தார்.

பட்டது என்றேன். சாவியை அவர் மேசையில் வைத்தேன்.

சாப்பிடும்போது ஆர்லிஸ் கேட்டாள், காதைப் பொத்திக்கொண்டேனா என்று. யோசித்துப் பார்த்தேன். இல்லை. மறந்துவிட்டேன்.