தம்பி மருந்து வரட்டும்

காவாந்தண்டலம்,
ஐப்பசி 23.

அன்பு மச்சான் தமிழரசனுக்கு உன் மாமா தாண்டவராயன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நானும் சுதாவும் சுகம். உன் அக்கா சுகமில்லை. போனில் சொன்னால் என்ன என்று கோபப்படாதே. நீ பெங்களூரிலிருந்து கூப்பிட்டாலே ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள், நான் எங்கே பேசுவது? வாட்ஸ்அப் என்றால் என் பெண் சுதாதான் முதலில் படிப்பாள், உடனே அம்மாவிடம் ஓடுவாள். அதனால் உரம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உத்திரமேரூர் போஸ்ட் ஆபீசில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். திலகாவுக்கு இடது மார்பில் கட்டி. காஞ்சிபுரத்தில் எல்லா டெஸ்டும் எடுத்தாகிவிட்டது, கேன்சர்தான். இன்னும் வேறு இடத்துக்குப் பரவவில்லை, பரவுவதற்குள் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டரம்மா. உன் அக்கா மாட்டேன் என்கிறாள். ஏன் தெரியுமா? உன்னால்தான்.

பொங்கலுக்கு நீ வந்தபோது உன் வேலை என்ன என்று அவள்தான் கேட்டாள். செல்லுக்குள் சின்னச் சின்னப் புரதத் துண்டுகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து இழையாக நீளும், அந்த இழைகளை வைத்துத்தான் கேன்சர் செல் இடம்விட்டு இடம் நகர்கிறது என்றாய். கழியோடு கழியைக் கட்டவிடாவிட்டால் பந்தல் எப்படி நிற்கும், அந்த மாதிரி துண்டுகளைச் சேரவிடாமல் செய்கிற மருந்து என்றாய். இப்போது எலிகளுக்குத்தான் கொடுத்துப் பார்க்கிறோம், மனுஷனுக்கு வர வருஷக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னாய். கடைசியில் சொன்னதை நான் கேட்டேன். அவள் அதற்குள் வடை சுட எழுந்து போய்விட்டாள்.

ஆடித் திருவிழாவுக்கு அவள் ஃபிளெக்ஸ் வைத்தாளே, போட்டோ அனுப்பினேனே. 'புற்றுநோய் பரவாமல் தடுத்த எங்கள் தம்பி' என்று அவள்தான் நின்று எழுத வைத்தாள். ஓரிக்கையிலிருந்து ஒரு மனுஷன் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வீடு தேடி வந்துவிட்டார். அந்த ஃபிளெக்ஸ் இப்போது வைக்கோல் போர் மேல் கிடக்கிறது. இந்த மழையில் உன் முகம்தான் நனைகிறது.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி வேறு, கத்தி பட்டால் பரவிவிடும் என்று ஓதிவிட்டாள். அதெல்லாம் இல்லை என்று டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார், இவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு வெளியே வந்து கணக்குப் போட்டாள். கத்தி பட்டா பரவும், தம்பி மருந்து பரவவுடாது, அதனால மொதல்ல தம்பி மருந்து வரட்டும், அப்பால கத்தி வெச்சிக்கலாம் என்கிறாள். நல்ல கணக்கு! எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. உனக்குச் சொல்லவே கூடாதாம். சொன்னா வேலைய வுட்டுட்டு ஓடியாந்துடுவான், மருந்து தள்ளிப்பூடும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன், வருகிற பாவம் வரட்டும்.

அவளைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. எங்கள் கல்யாணத்தன்று மணவறையில் நீ அவள் மடியில் உட்கார்ந்திருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? உங்கம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல நீ அழுத அழுகையில் நாதஸ்வரமே கேட்கவில்லை. திருப்புட்குழியிலிருந்து பெண்ணை அழைத்து வரும்போது நீயும் வேனில் ஏறிக்கொண்டாய். இறக்கப் போன என் சித்தப்பாவின் கையைக் கடித்துவிட்டாய். அண்டா, குத்துவிளக்கு, கூடவே ஒரு மச்சான் என்று ஊரே சிரித்தது. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பேஜாராகத்தான் இருந்தது. மறுநாள் காலை நீ என் சட்டையைப் போட்டுக்கொண்டு, தரையில் இழுத்தபடி வந்து, மாமா இன்னா நாஷ்டா என்று கேட்டாய். அதோடு சரி, நீ எங்கள் பிள்ளை ஆகிவிட்டாய்.

செய்யாற்றில் தண்ணீர் வற்றினால் மணலைத் தோண்டி ஊற்றுக்குள் உன்னை உட்கார வைத்துக் குளிப்பாட்டுவாள். ஸ்கூலில் கண்காட்சி வைத்தபோது வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்பில் காட்டினாயே, அவளுக்கு ஒரு கண்ணை மூடத் தெரியாமல் நான் பின்னால் நின்று பொத்திக்கொண்டேன். அய்ய, இன்னாடா செவுரு கட்டி வெச்ச மாதிரி கீது என்று அவள் போட்ட சத்தத்தில் ஹெட்மாஸ்டரே திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், எதிரே வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த நாளெல்லாம் திரும்ப வருமா? எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் மச்சான்!

சம்பா நட்டாகிவிட்டது, ஏரியில் தண்ணீர் இருக்கிறது, பயிரும் பச்சையாக இருக்கிறது. அவளும் எப்போதும் போல வரப்பில் நின்று ஆட்களை விரட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். கட்டி வலிக்கவும் இல்லையாம். அதுதான் எனக்குப் பயம். வலித்தாலாவது பிடிவாதத்தை விடுவாள்.

ஆகையால் நீ போன் செய்யாதே, நேரில் வா. வந்து அவள் எதிரில் உட்கார்ந்து, அக்கா, என் மருந்து உனக்கு ஆகாது, அதற்குள் காலம் தாண்டிவிடும், அப்படியே கையில் இருந்தாலும் இருக்கிற கட்டியை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று சொல். ராத்திரி பகல் பாராமல் யாருக்காக உழைத்தாயோ தெரியாது, அவள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல உனக்கு நாக்கு எழாது என்று எனக்குத் தெரியும். டாக்டரும் சொல்லிப் பார்த்தார், நானும் காலில் விழாத குறையாகக் கெஞ்சிவிட்டேன். உலகத்தில் அவள் நம்புகிற ஒரே ஆள் நீ. மருந்து இல்லை என்று நீ உன் வாயால் சொன்னால்தான் அவளுக்கு அது இல்லை.

உன் மருந்து ஒருநாள் வரும், எத்தனையோ வீட்டைக் காப்பாற்றும். நீ நூறு வயசு நல்லா இருப்பாய். இந்த வீட்டுக்கு மட்டும் மருந்து இல்லாமல் வெறும் கையோடு வா, சீக்கிரம் வா. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே இருக்க எனக்கு அவள் வேண்டுமடா.

உன் வரவை எதிர்பார்த்து,
மாமா தாண்டவராயன்.