துரையின் நடுக்கம்

மார்ச் 4

இன்று துரை என்னைத் திரும்பிப் பார்த்தான்.

வரைந்தவள் நான்தான். எந்தப் படத்தில் கழுத்து திரும்பும், எந்தப் படத்தில் கண் உருளும் என்பதெல்லாம் மனப்பாடம். இருந்தும் காலையில் அதைத் திரையில் ஓடவிட்டபோது நாற்காலியில் சற்றுப் பின்வாங்கிவிட்டேன். சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு பல்லி கொசுவைத் தவறவிடுகிறது. விட்டபின் யாராவது பார்த்துவிட்டார்களா என்று பார்க்கிறது. அந்தப் பார்வைக்குள் ஓர் ஆள் இருந்தான். காகிதத்தில் இல்லாதவன் திரைக்கு மட்டும் எங்கிருந்து வருகிறான்? தலை நரைக்கும் வரை இதே வேலையில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும்.

'மேல்வீடு' தொடருக்கு இது ஐந்தாவது வருஷம். கூடத்துச் சுவரில் ஒரு பல்லித் தம்பதி, துரையும் துரைசாணியும். கீழே நடமாடும் மனிதக் குடும்பத்தைத் தாங்கள்தான் வளர்க்கிறோம் என்று இரண்டுக்கும் நினைப்பு. மேலிருந்து பார்ப்பதால் மனிதர்களின் உச்சந்தலை மட்டும்தான் படத்தில் வரும். வழுக்கை, வகிடு, அவிழ்ந்த கொண்டை. "வழுக்கை இன்னைக்குச் சரியா சாப்பிடலையே, உடம்புக்கு என்னவோ" என்று துரை கவலைப்படுவான். ஊரெல்லாம் சிரிக்கிறது. ஒரு பல்லியின் கவலைக்கு!

மார்ச் 9

காலையில் காப்பிக் கோப்பை சாசரில் கடகடவென்று ஆடியது. இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கை தந்தி அடிக்குது."

"குளிர்."

"ஃபேன் ஓடுது. பல்லு தந்தி அடிச்சா நான் பார்ப்பேன். கை அடிச்சா வேற டாக்டரைத்தான் பார்க்கணும்."

பல் டாக்டரைக் கட்டிக்கொண்டால் இதுதான். பேப்பருக்குப் பின்னாலிருந்தும் எல்லாம் தெரிகிறது.

மார்ச் 17

நரம்பு டாக்டர் ஒரு காகிதத்தைக் கொடுத்து, உள்ளிருந்து வெளியே ஒரு சுருள் வரையச் சொன்னார். வரைந்தேன். இவ்வளவு கேவலமான சுருளை ஒன்றாம் வகுப்பிலும் வரைந்ததில்லை. வெட்கம் தாங்காமல் அதன் ஓரத்தில் இரண்டு கொம்பும் கண்ணும் வைத்து நத்தையாக்கிவிட்டேன். டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்.

"உயிருக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா போகவும் போகாது. இது நேத்து வந்ததில்லம்மா. பல வருஷமா லேசா இருந்திருக்கும். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. இனிமே கொஞ்சம் கொஞ்சமா கூடும். என்ன வேலை பார்க்கறீங்க?"

சொன்னேன். அவர் நத்தையை இன்னொரு முறை பார்த்தார்.

மார்ச் 18

ஸ்டூடியோவில் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

மார்ச் 20

ஏன் சொல்லவில்லை என்று இவர் கேட்கிறார். பதிலை இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஸ்டூடியோவில் ஒவ்வொரு காட்சிக்கும் முக்கியமான நிலைகளை நான் பென்சிலால் காகிதத்தில் வரைவேன். அதற்கு 'அம்மா படம்' என்று பெயர். கோடு போடுகிறவர்கள் உட்காரும் அறை கோட்டறை. அவர்கள் அம்மா படங்களின் மேல் கம்ப்யூட்டரில் சுத்தமாகக் கோடிழுத்து, ஓர் அம்மாவுக்கும் அடுத்த அம்மாவுக்கும் நடுவில் வர வேண்டிய பிள்ளைகளையெல்லாம் பெற்றெடுப்பார்கள். அம்மா படம் மட்டும் என் கையால்தான். ஒவ்வொரு முறை வரும்போதும் சேனல்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "எங்களுக்கு இந்தக் கைதான் வேணும்" என்பார். அடுத்த வருஷம் உண்டா இல்லையா என்று மே மாதம் சொல்ல வேண்டியவரும் அவர்தான். இந்த நிலையில் போய் என்ன சொல்ல? கை போய்விட்டது, பல்லி இருக்கிறது என்றா?

கை இல்லாவிட்டால் துரை இல்லை. அதுதான் பயம். என் சம்பளமெல்லாம் பிறகு. அவன் செத்துப்போவானே!

மார்ச் 29

தூக்கம் வராத மத்தியானம். பழசெல்லாம் ஞாபகம் வந்தது.

முதலில் விளம்பரப் படங்கள்தான். பற்பசைக் குழாய்க்குக் கைகால் முளைக்கவைத்து ஆடவிட்டேன். பிரஷ் பல்லைத் தேய்த்த விதம் தப்பு என்று ஒருவர் கம்பெனிக்குப் போன் செய்து, அங்கிருந்து எங்களுக்கு மாற்றிவிட்டு, கடைசியில் என்னிடம் வந்தார். "மேல்பல்லை இப்படிக் குறுக்கால தேய்ச்சா ஈறு என்ன ஆகுறது? ஊரே பார்க்குதுங்க!" கோபத்தில் குரல் கிறீச்சிட்டது. நான் சிரித்தேன். அவருக்கு இன்னும் கோபம் வந்தது. அடுத்த வருஷம் அவரையே கட்டிக்கொண்டேன்.

துரை பிறந்தது குடிபோன முதல் வீட்டில். டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி, வீட்டுச் சொந்தக்காரர் மாதிரி எங்களை மேற்பார்வை பார்த்துக்கொண்டு. வந்திருந்த மின்சாரக்காரருக்கு வரைந்து காட்டினேன். அவர் ஏணியில் நின்றபடி சிரித்தார். எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கு என்னைத் தெரியாது, நடுவில் சில பென்சில் கோடுகள், அவ்வளவுதான். அதற்கு ஒரு மனிதரின் வயிறு குலுங்குகிறது! அன்றைக்கு வாயைப் பிளந்தவள் இன்னும் மூடவில்லை.

ஏப்ரல் 6

மணிக்கட்டில் மணல் பை கட்டிக்கொண்டு வரைகிறேன். ஒரே நிலையைத் திரும்பத் திரும்ப வரைந்து, உள்ளதில் ஆடாததைக் கொடுக்கிறேன். கோட்டறைக்குத் தலைவி கண்ணாடி. எந்நேரமும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் தேடுவாள். அதனால் அந்தப் பெயர். இன்று படங்களை வாங்கி வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. இந்தத் தடவை கொஞ்சம்... அடக்கமா இருக்கான்."

தெரிந்துவிட்டதா?

ஏப்ரல் 15

கண்ணாடி லீவு. தங்கைக்குப் பிரசவம். அவள் இடத்தில் 'ஸ்கேல்' கோடு போடுகிறார். பெரிய சினிமாக் கம்பெனியிலிருந்து புதிதாக வந்தவர். கண்ணை மூடிக்கொண்டு நேர்கோடு இழுப்பார். இப்போது வேலை நடப்பது மின்வெட்டுக் கதைக்கு. என் படங்களின் மேல் அவர் இழுத்ததைப் பார்த்தேன். என்ன அழகு! வாலின் வளைவு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஒரு பிசிறில்லை.

பொறாமை வந்தது. கூடவே நிம்மதியும். நான் இல்லாவிட்டாலும் துரை பிழைத்துக்கொள்வான் போலிருக்கிறது. என்னைவிட நன்றாகவே.

ஏப்ரல் 22

பிழைக்க மாட்டான்.

படம் முடிந்ததும், அதில் வேலை செய்யாதவர்களை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவது எங்கள் வழக்கம். கணக்குப் பிரிவு, டிரைவர்கள், வீட்டிலிருந்து வந்தவர்கள். இன்று போட்டோம். யாரும் சிரிக்கவில்லை. கதை நான் எழுதியதுதான், குரலும் அதே குரல்தான். ஆனால் உப்பில்லாத சாப்பாட்டை மரியாதைக்குச் சாப்பிடுகிறவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். துரைக்குக் குரல் கொடுப்பவர் வாசலில் என் பின்னாலேயே வந்தார். பாவம், ஆறடி உயரம். "மேடம், நான் எங்கயாவது சொதப்பிட்டேனா?" என்றார்.

எனக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு.

ஏப்ரல் 23

கை இன்று நடுங்குவது அந்த நடுக்கம் இல்லை. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

கண்ணாடி லீவு முடிந்து வந்தாள். மின்வெட்டுக் கதையைப் போட்டுப் பார்த்தாள். பாதியிலேயே நிறுத்தினாள்.

"இவனோட நடுக்கத்தை யார் எடுத்தது?"

ஸ்கேல் எழுந்து நின்றார். "பிசிறா இருந்தது. சுத்தம் பண்ணினேன்."

"பிசிறா? சார், அதுதான் சார் துரை! வாய் வீரம் பேசும், கோடு பயப்படும். இருட்டுன்னா எனக்குப் பயமில்லைம்பான், சொல்லும்போதே உடம்பு ஓரமெல்லாம் நடுங்கிட்டு இருக்கும். சிரிப்பே அங்கதான் இருக்கு. நீங்க அவனை நிஜமாவே தைரியசாலி ஆக்கிட்டீங்க. தைரியசாலியைப் பார்த்து யார் சிரிப்பா?"

அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பினாள்.

அப்புறம் சொன்னாள். கோட்டறையில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதலில் பழக வேண்டியது நடுங்கத்தானாம். ஸ்கேலுக்கு அது சொல்லப்படும் முன்பே அவள் லீவில் போக வேண்டியதாகிவிட்டது. ஒருத்தி பேனாவை நுனிக்குப் பதில் வாலைப் பிடித்து வரைகிறாள். ஒருவர் மாடிப்படி ஏறி இறங்கி, மூச்சு வாங்கும்போதே உட்கார்ந்து ஓர் ஓரத்தை முடித்துவிடுவார். இன்னொருத்தி வீட்டில் ஓடும் வாஷிங் மெஷின் மேல் காகிதத்தை வைத்து வரைந்து பழகினாளாம். ஐந்து வருஷமாக! மாடிப்படிக்காரரை நான் பார்த்திருக்கிறேன். உடம்பு இளைக்க ஏறுகிறார் என்று நினைத்துப் பாராட்டக்கூடச் செய்தேன்.

"நீங்க எவ்ளோ யோசிச்சு அந்த நடுக்கத்தை வெச்சிருக்கீங்கன்னு நாங்க அடிக்கடி பேசிக்குவோம்க்கா."

நான் யோசிக்கவே இல்லையே! எனக்குத் தெரியவே தெரியாதே! திரையில் கோடு சிலிர்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்தான். பென்சில் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மணல் பை கட்டி, ஆடாத படமாகப் பொறுக்கி... நான்தானா கொஞ்சம் கொஞ்சமாக அவனைக் கொன்றுகொண்டிருந்தது?

ஏப்ரல் 24

கண்ணாடியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அது ஸ்டைல் இல்லம்மா. என் கை. வியாதி. டாக்டர் சொல்லிட்டார்."

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கிவிட்டது. நெற்றிக் கண்ணாடியை இறக்கினாள், மறுபடி ஏற்றினாள்.

"அப்ப... இத்தனை வருஷமா நாங்க பாடுபட்டு காப்பி அடிச்சது உங்க வியாதியையா?"

எனக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. அவளுக்கும். அறைக்கு வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டி, எல்லாம் சரியா என்று கேட்கும் அளவுக்குச் சிரித்தோம். நடுவில் அழுதோம் என்றும் நினைக்கிறேன்.

மே 6

சேனல்காரரிடம் நானே போய்ச் சொன்னேன். குலுக்கக் கையை நீட்டியவர், பாதியில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். நானே பிடித்துக் குலுக்கினேன். அது சும்மாவே குலுங்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்க கை படாம ஒரு கதை பண்ணிக் காட்டுங்க. பார்த்துட்டுச் சொல்றேன். சரியா வரலைன்னா, மரியாதையா இதோட நிறுத்திக்கலாம். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவர் பிழைப்பு அவருக்கு.

மே 8

மின்வெட்டுக் கதையையே முதலிலிருந்து செய்யப்போகிறோம். ஸ்கேல் தானாக வந்து, "நான் கெடுத்தது, நானும் இருக்கேன்" என்றார். மாடிப்படிக்காரர் அவரைப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மே 14

பென்சிலைப் பிடுங்கிவிட்டார்கள். நிலைகளை நான் நடித்துக் காட்ட வேண்டுமாம். இத்தனை வயதுக்கு மேல் நாற்காலியில் ஏறி, சுவரோடு ஒட்டி, கையையும் காலையும் பரப்பிக்கொண்டு நின்றேன். கோட்டறை மொத்தமும் உட்கார்ந்து என்னை வரைகிறது. சாயங்காலம் கூட்டிப்போக வந்த இவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வீட்டுக்கு வர்றியா, இல்ல டியூப்லைட்டுக்குப் பின்னால போறியா?"

ஆளாளுக்கு வரைந்ததைப் பார்த்தேன். என் முழங்கை துரையின் முழங்கையாகியிருந்தது. என் முகத்திலிருந்த பயமும் அவனிடம் இருந்தது. நான் என்னையேதான் இத்தனை நாளும் வரைந்தேனா? பார்த்துக்கொண்டே நின்றேன்.

மே 27

இனி முடியும்வரை கோட்டறைப் பக்கம் வரக்கூடாது என்று கண்ணாடி உத்தரவு. "நீங்க பார்த்தா பென்சிலை எடுப்பீங்க. எடுக்கலைன்னாலும் உங்க மூஞ்சியைப் பார்த்து நாங்க மாத்துவோம். முடிஞ்சதும் வாங்கக்கா."

பெண்ணைக் கட்டிக்கொடுத்தவள் மாதிரி வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூன் 11

சாப்பாடு இறங்கவில்லை. நாளை மறுநாள் போட்டுக் காட்டுகிறார்கள்.

ஜூன் 13

அடுத்த வருஷம் உண்டு. சேனல்காரர் அங்கேயே, நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டார். அதை முதலில் எழுதிவிட்டேன். இன்று நடந்த இன்னொன்று எனக்கு அதைவிடப் பெரிது.

கணக்குப் பிரிவு, டிரைவர்கள், எல்லாரும் வந்திருந்தார்கள். நான் கடைசி வரிசையில், பக்கத்தில் இவர். விளக்கை அணைத்தார்கள். திரையில் மின்வெட்டு. இருட்டில் துரையின் குரல் மட்டும்: "எனக்கென்ன பயம்? நீ பயப்படாதே, நான் இருக்கேன்." மின்சாரம் வருகிறது. துரை, துரைசாணியின் முதுகில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஓரமெல்லாம் நடுங்க உட்கார்ந்திருக்கிறான். பார்த்தவர்களின் சிரிப்பில் அரங்கம் அதிர்ந்தது. நான் எழுதியது அதோடு சரி.

அவன் நிறுத்தவில்லை. மெதுவாக இறங்கினான். ஒரு முறை இந்தப் பக்கம் பார்த்தான், ஒரு முறை அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு, ஏறியதே அதற்காகத்தான் என்கிற மாதிரி, துரைசாணியின் முதுகிலிருந்து இல்லாத தூசியைத் தட்டிவிட்டான்.

நான் எழுதவில்லை. நான் வரையவில்லை. அடுத்து என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. துரை பிறந்ததிலிருந்து, அவன் செய்யப்போவது தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தது இன்றுதான். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. என் சிரிப்புதான். அவனைப் பார்த்து நான் சிரித்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கண்ணீர் வழிய, முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தேன்.

இவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையைத் தட்டினார்.

"ஷ்! கொஞ்சம் சும்மா இரு. அவன் என்ன சொல்றான்னு கேக்கல."