ஓடாத வண்டியை வேகமாக ஓட்டிய குற்றம்

மைசூர் மோட்டார் சாம்ராஜ்யத்தின் கடைசிச் சக்கரவர்த்தியே,

உன் காரின் ஸ்டார்ட்டிங் ஹாண்டில் என் மேசைமேல் துரு வாசனையும் கிரீஸ் வாசனையுமாகக் கிடக்கிறது. இன்று அதன் கீழே புதிய குற்றவியல் சட்டப் புத்தகம். வக்கீலான என் தங்கை மகள் கொண்டுவந்தது. வெள்ளைக்காரன் எழுதிய பழைய சட்டத்தைத் தூக்கிவிட்டார்களாம். துள்ளிக் குதித்தேன். அப்படியென்றால் உன் தண்டனையும் போயிற்றல்லவா?

"இல்ல மாமா. பழைய தீர்ப்பு அப்படியேதான் நிக்கும். அந்தக் குத்தமும் எங்கயும் போகல. செக்‌ஷன் இருநூத்தி எழுபத்தொன்பது இப்போ இருநூத்தி எண்பத்தொண்ணு, அவ்வளவுதான்."

என்ன அக்கிரமம் இது! மோட்டார் வண்டியே பிறக்காத காலத்தில், குதிரையையும் மாட்டையும் பார்த்து எழுதிய சட்டம் உன்னைப் பிடித்தது. செத்த பிறகும் விடமாட்டேன் என்கிறது.

உலகத்தின் முதல் பத்துக் கார்களில் உன்னுடையது ஒன்று என்று சத்தியம் செய்வாய். முந்நூறு முறை ஹாண்டிலைச் சுற்றினால் ஒரு முறை இருமும். அன்று சாமுண்டி மலையடிவாரத்தில் அந்த இருமலும் இல்லை. நீ ராஜா மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார, நான் பின்னாலிருந்து தள்ளினேன். சரிவு வந்தது தெரியாமல் இன்னொரு தள்ளு தள்ளினேன். வண்டி கைநழுவிப் போய்ப் போலீஸ்காரரின் சைக்கிளை அப்பளமாக்கியது. அவர் எகிறிக் குதித்ததால் பிழைத்தார்.

கோர்ட்டில் நான் உன் சாட்சி. மாஜிஸ்ட்ரேட் உன்னைக் காப்பாற்றத்தான் சிரித்துக்கொண்டே கேட்டார், இந்த வண்டி ஓடுமா என்று. இல்லை என்று ஒரு வார்த்தை போதும். நீயோ மீசை துடிக்க, "அறுபது மைல் வேகத்துல போகும்!" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் என் காலை மிதித்து, உன் கன்னடம் கலந்த தமிழில் சீறினாய். "சும்மா இரு கணோ! நின்னுபோன வண்டின்னு ஊர் முன்னாடி சொல்லி மானத்தை வாங்காதே."

எறும்புக்கும் ஹாரன் அடித்து வழிவிடும் உனக்கு, கண்மூடித்தனமாக ஓட்டியவன் என்று பெயர். கோர்ட் கலையும்வரை மூலையில் நிற்பதுதான் தண்டனை; நின்றாய். வெளியே வந்து ஹாண்டிலை என் கையில் திணித்தாய். "இனிமே எனக்கெதுக்கு, மாராயா." அதன் பிறகு நீ ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை.

"சாட்சி நீங்கதானே மாமா? உண்மையச் சொல்லியிருக்கலாமே?" என்கிறாள் தங்கை மகள்.

நீ காலை மிதித்ததைச் சொன்னேன். பாதிப் பொய். உன் குச்சிக்கால் என்னை நிறுத்தியிருக்குமா? ஓடாத வண்டி என்று சொன்னால், தள்ளியது யார் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டேன்.

பழைய சட்டத்தையும் திட்டிவிட்டேன், புதியதையும் திட்டிவிட்டேன். ஹாண்டில் மட்டும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.