உதிராத கதிர்

நாள் 4,016 | 07:10
மலை நிலையம். வெப்பம் 4 டிகிரி. பனி ஏரியின் நீர்மட்டம் இயல்பு. மலைக் குழுவினர் 63 பேரும் கிழங்கு தோண்டப் போயிருக்கிறார்கள். பதினொரு வருடமாக இதையேதான் எழுதுகிறேன். முப்பது தலைமுறைக்கு முன் ஒரே விண்கப்பலில் இந்தக் கோளில் இறங்கி, எல்லாவற்றையும் இழந்தவர்களின் வாரிசுகள்தான் இவர்களும் பள்ளத்தாக்குக் குழுவினரும். இன்று பேச்சு வேறு, உணவு வேறு, சாமி வேறு. மறுபடி விவசாயம் எப்போது தொடங்கும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை.
– தாட்சாயணி, மானுடவியலாளர்.

நாள் 4,019 | 16:40
பள்ளத்தாக்கு நிலையத்திலிருந்து அன்வர்தீன். வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.
"அக்கா, விதைச்சுட்டாங்க! தானா உதிர்ற காட்டுத் தானியத்துல மணி உதிராத கதிராப் பாத்துப் பொறுக்கி வச்சிருந்தாங்க. அதையே ஆத்தோரமா விதைக்கிறாங்க. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."
வாழ்த்துச் சொன்னேன்.

நாள் 4,020 | 08:05
அறுவடையை உறுதிசெய்தால் கண்டுபிடிப்பு அவன் பெயரில் பதிவாகும். தலைமையகத்தின் பாராட்டு எனக்கும் நகல் வந்தது. என் ஆட்கள் இன்றும் கிழங்குதான் தோண்டினார்கள். வயிறு நிறைந்தவர்கள் எதற்கு விதைக்க வேண்டும் என்று முதலாமாண்டு மாணவர்களுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் அவர்கள் மேல் ஆத்திரம் வந்தது.

நாள் 4,101 | 11:30
கதிர் முற்றிவிட்டதாம். படம் அனுப்பியிருக்கிறான். பயிர் நடுவே நின்று சிரிக்கிறான். பல் எல்லாம் தெரிகிறது.
பனி ஏரி 2 மீட்டர் உயர்ந்திருக்கிறது. கரையில் விரிசல். அளக்கும் கருவி இங்கே மட்டும்தான். ஆற்றோரம் இருக்கும் பள்ளத்தாக்கு நிலையத்துக்கு உடனே சொல்ல வேண்டும் என்பது விதி.

நாள் 4,102 | 09:15
"அக்கா, ஆத்துத் தண்ணி கலங்கி வருது. மேல ஏரி எப்படியிருக்கு?"
"ஒண்ணுமில்ல. நீ அறுவடையப் பாரு."
"சரிக்கா. எல்லாரும் வயல்லதான் இருக்காங்க."
வயல் மட்டும் போகட்டும் என்றுதான் நினைத்தேன். படிப்பவர் நம்ப வேண்டும். வயல் மட்டும்.

நாள் 4,102 | 14:50
கரை உடைந்தது. கூப்பிட்டேன். கூப்பிட்டேன். வெறும் இரைச்சல்.

நாள் 4,109
பள்ளத்தாக்கில் இருந்தவர்கள் 212. மலையேறி வந்தவர்கள் 38. அன்வர்தீன் அவர்களில் இல்லை.
என் ஆட்கள் கிழங்கு சுட்டுக் கொடுத்தார்கள். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியவில்லை. பிள்ளைகளை மட்டும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள்.

நாள் 4,131 | 10:20
பள்ளத்தாக்குப் பெண் ஒருத்தி துணி முடிச்சை அவிழ்த்தாள். ஒரு பிடி விதை. மலைப் பெண்கள் மண்ணைக் கிளறிக் கொடுக்கிறார்கள். என் நிலையத்திலிருந்து நூறு அடியில்.
தலைமையகம்: "டாக்டர், அறுவடை உறுதியாகாததால அன்வர்தீன் பதிவு செல்லாது. முதல்ல பாத்தவர்னு உங்க பேரப் போட்டுடலாமா?"
வேண்டாம் என்று எழுதி அழித்தேன். மறுபடி எழுதி அழித்தேன்.
போடுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.