உனக்கென்று எடுத்து வைக்காத பை

இன்று பேனா தேடி இழுப்பறைக்குள் கைவிட்டபோது உன் ரப்பர் பந்து வந்தது. ரத்தம் கொடுக்கிறவர்கள் பிடித்து அமுக்குகிற சிவப்புப் பந்து. கடைசியாக வந்தபோது நெரித்து ஒரு பக்கம் கிழித்துவிட்டாய். "ஏலே, இம்புட்டுப் பெரிய ஆராய்ச்சி நடக்கிற எடத்துல ஒரு நல்ல பந்து கெடையாதா?" என்று என்னையே திட்டினாய். தூக்கிப்போட மனம் வரவில்லை.

முதல் தவறு நான் செய்தது. அருப்புக்கோட்டையில் நாம் படித்த பள்ளிக்கூடத்தில் ரத்ததான முகாம். நான் மருத்துவ மாணவன். வீரசோழனிலிருந்து லுங்கி எடுக்க டவுனுக்கு வந்த நீ, பண்டலை இறக்கிவைத்துவிட்டுக் கையை நீட்டினாய். வெள்ளைச் சில்லில் உன் ரத்தத்தைச் சொட்டி மருந்து விட்டேன். ரத்தம் எதிலும் திரிந்து கட்டிதட்டவில்லை; ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. அட்டையில் 'ஓ' என்று எழுதினேன். வரிசை நீளம், ரத்தநீரைச் சோதனைக் குழாயில் ஓ ரத்தத்தோடு கலந்து மறுபடி பார்க்கப் பொறுமையில்லை. நீ அந்த அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, "நான் ஓ குரூப்பு, எவனுக்கும் குடுப்பேன்" என்று ஊரெல்லாம் பெருமையடித்தாய். கொடுக்கவும் செய்தாய்.

பல வருடம் கழித்து, அரிய ரத்த வகைகளை ஆராயத் தொடங்கியபோது, ஒப்பிட்டுப் பார்க்க ஓ ரத்தம் வேண்டுமென்று உன்னையே மதுரைக்கு வரச் சொன்னேன். உன் ரத்தநீர் எல்லா ஓ ரத்தத்தையும் திரிய வைத்தது. பார்வைக்கு ஓ போலவே ஏமாற்றுகிற, லட்சத்தில் சிலருக்கே இருக்கிற பாம்பே வகை. உன்னிடமிருந்து மற்றவர்கள் வாங்கலாம், உனக்கு உன் வகைக்காரர் மட்டுமே கொடுக்க முடியும் என்றேன்.

"குடுக்க மட்டும் தெரிஞ்ச ரத்தம்னு சொல்லு" என்று சிரித்தாய். பிறகு கொஞ்சம் தயங்கி, "எங்க அக்கா குடுத்தாலுமா ஏறாது?" என்றாய். அக்காவையும் சோதித்தேன். பொருந்தவில்லை.

ரத்தத்தை வருடக்கணக்கில் உறைய வைக்கும் பெட்டி எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் கேட்டாய்: "எனக்குன்னு ஒரு பை எடுத்து வையேன். நமக்கும் ஒரு அவசரம் வரும்ல." அடுத்த மாதம் என்றேன். கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அந்த அடுத்த மாதம் மூன்று முறை தள்ளிப்போனது.

ஒருவழியாக நீ பஸ்ஸேறி வந்த காலையில்தான், உன் வகைக்காரப் பெண் ஒருத்தி பிரசவத்தில் ரத்தம் போய்க் கிடந்தாள். உன் பையை அவளுக்குத் தரலாமா என்று உன் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். "இதெல்லாம் கேக்கணுமா? மொதல்ல அந்தப் புள்ளைக்கு ஏத்து. எனக்கு அடுத்த தடவ பாத்துக்கலாம்."

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மறுபடி எடுக்க மூன்று மாதம் பொறுக்க வேண்டும். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, காரியாபட்டி ரோட்டில் உன் லோடு வண்டி கவிழ்ந்தது.

எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது நினைவோடுதான் இருந்தாய். நான் ஊர் ஊராகப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். மும்பையில் ஒரு பை கிடைத்து, மதிய விமானத்தில் வந்துகொண்டிருந்தது. நீ மெதுவாக, "அந்தப் பச்சப்புள்ள இப்ப மொகம் பாத்துச் சிரிக்குமாலே?" என்றாய். "பேசாமக் கெட" என்று எரிந்து விழுந்தேன். உன்னிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான். மும்பைப் பை வந்து சேர்ந்தபோது உன்னை வீரசோழனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நானும் வந்து உன் குழியில் மூன்று கைப்பிடி மண் போட்டேன்.

சிரிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இப்போதெல்லாம் எந்த முகாமிலும் ஓ என்று வந்தால் குழாயில் போட்டுப் பார்க்காமல் அட்டை எழுதுவதில்லை. போன மாதம் திருச்சுழியில் ஒரு குழாயில் ரத்தம் திரிந்தது, உன் வகையேதான். விசைத்தறியில் வேலை செய்கிற பெண். உனக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று சொல்ல உன் எண்ணைத் தேடிவிட்டேன். பெயர் இன்னும் போனில் இருக்கிறது.

நேற்று அவள் மதுரைக்கு வந்தாள். பை நிறைந்ததும், அதை அவளுக்கென்றே உறைய வைக்கப்போகிறேன் என்று சொன்னேன். கேட்டுவிட்டு, "இத வேற யாருக்காச்சும் ஏத்திருங்க சார். எனக்கு அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றாள்.

"இல்லம்மா, மொதப் பை ஒனக்குத்தான்" என்றேன். அவள் பெயரை எழுதி உறைபெட்டியில் வைத்தேன். பக்கத்துத் தட்டு காலியாக இருந்தது. குளிர் சுடும்வரை அதில் கையை வைத்திருந்துவிட்டுப் பூட்டினேன்.